மினி டிராக்டர் ஸ்டியரிங் சூடானதும் கனக்குது: பம்பா, யூனிட்டா, சிலிண்டரா?

வாழைக்கொல்லை எழுதியது:

27 ஹெச்பி மினி டிராக்டர், ஃபோர் வீல், 1,450 மணி நேரம் ஓடியிருக்கு. பவர் ஸ்டியரிங். இதுக்குன்னு தனி ஆயில் டப்பா கிடையாது; கியர்பாக்ஸ் ஆயிலையேதான் ஸ்டியரிங்கும் லிஃப்ட்டும் எடுத்துக்குது. ஸ்டியரிங் சிலிண்டர் முன் அச்சோட படுக்கை வாக்கில் இருக்கு, ரெண்டு பக்கமும் ராடு வெளியே வர்ற வகை. வாழைக்கு இடையுழவு, ரோட்டவேட்டர், போன ரெண்டு போகம் நடவுக்குத் தொழி (சேத்து உழவு) அடிச்சது. இதுதான் வேலை.

காலையில எடுக்கும்போது ஒரு விரல்ல திரும்புது. அரை மணி நேரம் ஓடி ஆயில் சூடானதும் வரப்போரம் ஐடில்ல திருப்பினா கை கடுக்குது. ரேஸ் கொடுத்தா 1,800 ஆர்பிஎம்முக்கு மேல லேசாயிடுது. இன்னொண்ணு: முழு இடது ஓரத்துக்குப் போனபிறகும் ஸ்டியரிங் நிக்காம மெதுவா நகர்ந்துக்கிட்டே இருக்கு. வலதுலயும் அப்படித்தான். வெளியே எங்கேயும் ஆயில் கசியலை. ஆயில் அளவு சரியா இருக்கு, நிறம் மட்டும் கொஞ்சம் மங்கல்.

மெக்கானிக் பம்பு போயிடுச்சு, மாத்திடலாம்கிறார். பம்பு வாங்குறதுக்கு முன்னாடி உறுதி பண்ண வழி இருக்கா?

---

நட்டுபோல்ட்டு எழுதியது:

பம்பை விடுங்க தம்பி, முதல்ல ஜாக்கியை எடுங்க. கனமா இருக்குன்னதும் எல்லாரும் ஆயில் பக்கம் ஓடுறாங்க. பாதி கேஸ்ல முட்டுறது இரும்புதான்.

முன் அச்சைத் தூக்கும்போது ஒரு கவனம். சென்டர் பின்ல அச்சு ஊஞ்சல் மாதிரி ஆடும். அதனால ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு வைக்கணும், நடுவுல ஜாக்கியை மட்டும் நம்பி கீழே படுக்கக் கூடாது. பின் சக்கரத்துக்குக் கட்டை போடுங்க, ஃபோர் வீல் லீவரை எடுத்து விடுங்க.

இப்ப ரெண்டு பக்கத்து டை ராடு (சிலிண்டரையும் சக்கரத்தையும் இணைக்கிற கம்பி) வெளி முனையையும் கழட்டணும். இதைக் கழட்டாம சக்கரத்தைக் கையால திருப்பிப் பாக்கிறதுல பிரயோஜனம் இல்லை, சிலிண்டருக்குள்ள ஆயில் பூட்டிக்கிட்டு இருக்கும், சக்கரம் நகராது. காட்டர் பின்னை எடுத்துட்டு நட்டைத் தளர்த்துங்க. போல்ட்டு முனையில அடிச்சா திரெட் போயிடும். டை ராடு உட்கார்ந்திருக்கிற கண்ணுக்கு ஒரு பக்கம் சுத்தியலை அணை கொடுத்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியால ரெண்டு தட்டு தட்டினா டேப்பர் தானா விட்டுரும்.

கழட்டினபிறகு ஒவ்வொரு சக்கரத்தையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு கையால தள்ளிப் பாருங்க. எந்த இடத்துலயும் பிடிக்கக் கூடாது. ஒரு இடத்துல மட்டும் கொர கொரன்னு பிடிச்சா கிங் பின் (சக்கரம் இடம் வலம் திரும்புற முளை) பேரிங். தொழி அடிச்ச வண்டியில ஆயில் சீல் வழியா சேறு போய் பேரிங்கைத் தின்னிருக்கும். அந்தப் பக்கத்து முன் அச்சு ஆயில் பிளக்கைத் திறந்து ஆயில் பால் மாதிரி வருதான்னும் பாத்துருங்க.

டை ராடு பந்து மூட்டையும் கையால ஆட்டிப் பாருங்க. கொஞ்சம் இறுக்கமா, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அசையணும். தொள தொளன்னு இருந்தாலும் தப்பு, கல்லு மாதிரி இருந்தாலும் தப்பு.

ஸ்டியரிங் தண்டையும் மறந்துடாதீங்க. டேஷுக்குக் கீழே ஸ்டியரிங் யூனிட்டை (நாம திருப்புற அளவுக்கு ஆயிலை அளந்து சிலிண்டருக்கு அனுப்புற பாகம்) பிடிச்சிருக்கிற நாலு போல்ட்டையும் ரெண்டு சுத்து மட்டும் தளர்த்திட்டு, நின்ன இடத்துலயே திருப்பிப் பாருங்க. உடனே லேசானா தண்டு நேர்க்கோட்டுல இல்லை, யூனிட்டோட உள் ஸ்பூலை (ஆயில் வழியைத் திறந்து மூடுற உருளை) அழுத்திக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். திருப்பி விட்டதும் ஸ்பூல் நடுநிலைக்கு வராம ஸ்டியரிங் தானா நகர்ந்துக்கிட்டே இருந்தாலும் முதல்ல பாக்க வேண்டிய இடம் இதுதான்.

---

அழுத்தமானி எழுதியது:

நட்டுபோல்ட்டு சொன்னதை முதலில் முடியுங்கள். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளும் (சூட்டில் கனம், ஐடிலில் கனம், ஓரத்தில் நிற்காமல் நகர்வது) ஆயில் பக்கத்தையே காட்டுகின்றன. ஆயில் பக்கம் என்றால் பம்பு என்று ஆகிவிடாது.

இந்த வகை ஸ்டியரிங்கில் சக்கரத்துக்கும் உங்கள் கைக்கும் நடுவே இரும்புத் தொடர்பே கிடையாது. ஸ்டியரிங் யூனிட் ஒரு சுற்றுக்கு இவ்வளவு ஆயில் என்று அளந்து சிலிண்டருக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். யூனிட் 100 சிசி வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு ஒரு சுற்று திருப்பினால் நிமிடத்துக்கு 6 லிட்டர் வேண்டும். ஒரு சுற்றுக்கு 8 சிசி தரும் பம்பு 900 ஆர்பிஎம்மில் கணக்குப்படி 7.2 லிட்டர் கொடுக்கும்; சூடான ஆயிலில் அதன் உள்கசிவு போக ஆறரை லிட்டர் வரும். ஆக நொடிக்கு ஒரு சுற்று வரை லேசாக இருக்கும். அதற்கு மேல் வேகமாகத் திருப்பினால் பம்பு தருவது போதாமல் யூனிட்டே கைப்பம்பாக மாறிவிடும். கையில் கனம் தெரிவது அந்தக் கணத்தில்தான்.

இப்போது சிலிண்டருக்குள் பிஸ்டன் சீல் தேய்ந்திருந்தால் என்ன நடக்கும்? அனுப்பிய ஆயிலில் ஒரு பங்கு பிஸ்டனைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். அதே வளைவுக்கு நீங்கள் ஒன்றரை மடங்கு, அதுவும் வேகமாகச் சுற்றுவீர்கள். பம்பு நல்ல நிலையில் இருந்தாலும் ஐடிலில் அது தோற்றுப்போகும். ரேஸ் கொடுத்தால் லேசாவது பம்புக் கோளாறுக்கும் பொருந்தும், இதற்கும் பொருந்தும். உங்கள் மெக்கானிக் ஏமாந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

காசில்லாமல் செய்யும் சோதனை: சுற்றுகளை எண்ணுவது. ஸ்டியரிங் வீலில் ஒரு துண்டு டேப் ஒட்டி, முழு இடதிலிருந்து முழு வலது வரை எத்தனை சுற்று என்று பாருங்கள். குளிர்ந்த ஆயிலில் ஒரு முறை, சூட்டில் ஒரு முறை. சூட்டில் மிக மெதுவாக ஒரு முறை. கசிவு இருந்தால் மெதுவாகத் திருப்பும்போதுதான் சுற்று அதிகமாகும், ஏனென்றால் கசிய நேரம் கிடைக்கிறது.

சரியான எண்ணிக்கை எவ்வளவு என்று கணக்கிடவும் முடியும். சிலிண்டர் உள்விட்டம் 50 மி.மீ., ராடு 25 மி.மீ., ஓட்டம் 200 மி.மீ. என்றால் உள்ளே போகும் ஆயில் 295 சிசி. 100 சிசி யூனிட்டுக்கு ஏறக்குறைய 3 சுற்று. உங்கள் அளவுகளைப் போட்டுப் பாருங்கள். (ராடு ஒரு பக்கம் மட்டும் உள்ள சிலிண்டராக இருந்தால் இடதுக்கும் வலதுக்கும் சுற்று வேறுபடும், அது கோளாறு அல்ல. உங்களுடையது இரு பக்கமும் ராடு என்பதால் இரண்டும் சமமாக வர வேண்டும்.)

சக்கரங்கள் நேராக இருக்கும்போது ஸ்டியரிங் வீலின் குறுக்குக் கம்பி பழைய இடத்தில் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். நாள்போக்கில் அது சற்றே தள்ளிப்போவது இந்த அமைப்பின் இயல்பு.

அடுத்தது சிலிண்டர் சோதனை. ஆயில் சூடாக இருக்கட்டும். ஸ்டியரிங்கை முழு இடது ஓரத்துக்குக் கொண்டுபோய் எஞ்சினை நிறுத்துங்கள். கைப்பிடியை இப்படியும் அப்படியும் சிறிது அசைத்து அழுத்தத்தை இறக்குங்கள். யூனிட்டில் ஆர் என்று குறித்த துளையிலிருந்து சிலிண்டருக்கு வரும் ஹோஸை சிலிண்டர் முனையில் கழற்றி, ஹோஸ் வாயை அழுத்தம் தாங்கும் இரும்பு பிளக்கால் அடையுங்கள். துணி, மரக்கட்டை எல்லாம் வேண்டாம். சிலிண்டரின் திறந்த துளைக்குக் கீழே ஒரு கிண்ணம். எஞ்சினை ஐடிலில் ஓட்டி, ஒருவர் ஸ்டியரிங்கை இடப்பக்கமே அழுத்திப் பிடிக்கட்டும், மறந்தும் வலப்பக்கம் திருப்பக் கூடாது. முதலில் கொஞ்சம் வடியும், பிறகு நின்றுவிட வேண்டும். தொடர்ந்து ஒழுகினால் பிஸ்டன் சீல் போய்விட்டது.

ஒழுகாவிட்டால் சந்தேகம் யூனிட் மேல். அப்போது எல், ஆர் இரண்டு துளைகளையும் யூனிட் பக்கமே பிளக் போட்டு அடைத்துத் திருப்புங்கள். மிக மெதுவாக நகர்வது எந்த யூனிட்டிலும் உண்டு. தாராளமாகச் சுற்றினால் உள்ளே இருக்கும் பல்சக்கர ஜோடி தேய்ந்திருக்கிறது. பி துளைக்குப் போகும் பம்பு வழியை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். ரிலீஃப் வால்வு (அழுத்தம் அளவை மீறினால் ஆயிலைத் திருப்பி விடும் வால்வு) யூனிட்டுக்குள் இருக்கும் வண்டிகளில் பம்பின் வாயை அடைத்தால் பம்பு உடைந்துவிடும்.

கசிவைத் தேடும்போது விரலால் தடவாதீர்கள், அட்டைத் துண்டைக் காட்டுங்கள். ஊசித் துளையிலிருந்து பீறிடும் ஆயில் தோலுக்குள் இறங்கிவிடும். வலி இல்லை என்று வீட்டில் இருக்கக் கூடாத காயம் அது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

---

கரிசல்காடு எழுதியது:

இவ்வளவு எதுக்கு? ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்குப் பின்னாடி ஒரு வாஷர் போட்டா பிரஷர் ஏறிடும், ஸ்டியரிங் லேசாயிடும்.

---

அழுத்தமானி எழுதியது:

ஏறும், தேய்ந்த சீல் வழியாகக் கசிவும் அதோடு ஏறும். இவருக்குக் குறைவது ஆயிலின் ஓட்டம். அழுத்தம் குறைவு என்பதற்கு இதுவரை ஆதாரம் இல்லை. ஹோஸ், டை ராடு முனை, சிலிண்டர் கொண்டி எல்லாம் பழைய அளவுக்குச் செய்தவை. வாஷர் போட்டால் அடுத்துப் பிய்வது அதில் ஒன்று.

அழுத்தத்தை அளந்துவிட்டுப் பேசலாம். பி வழியில் டி இணைப்பு வைத்து 250 பார் கேஜ் மாட்டி, ஆயில் 50 டிகிரி வந்தபிறகு, ஸ்டியரிங்கை ஓரத்தில் இரண்டு மூன்று நொடி மட்டும் பிடித்து அளவு பாருங்கள். ஐடிலில் ஒன்று, 2,000 ஆர்பிஎம்மில் ஒன்று. கையேட்டில் போட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டிலுமே குறைவு என்றால் ரிலீஃப் வால்வில் தூசி சிக்கியிருக்கலாம். கழற்றிக் கழுவிப் பழைய ஷிம்மையே (ஸ்பிரிங்குக்கு அணையாக இருக்கும் மெல்லிய தகடு) திரும்பப் போட வேண்டும். ஐடிலில் மட்டும் குறைவு என்றால் பம்பு, அல்லது பம்புக்கு வரும் வழி.

---

தொழிஉழவு எழுதியது:

பம்புக்கு வரும் வழி என்றதும் சொல்லணும்: சக்ஷன் ஸ்ட்ரெயினரை (பம்பு உறிஞ்சுற வழியில இருக்கிற வலை வடிகட்டி) திறந்து பாருங்க. ஆயில் மங்கலா இருக்குன்னா தண்ணி கலந்திருக்கு. தொழியில கேஜ் வீல் (கூண்டு மாதிரி இரும்புச் சக்கரம்) போட்டு இறக்கின வண்டியில இது சகஜம். தண்ணி கலந்த ஆயில்ல கசடு திரண்டு ஸ்ட்ரெயினர் வலையில பாசி மாதிரி ஒட்டும். பம்பு உறிஞ்ச முடியாம ஊளையிடும். கசடோட சேர்த்து சக்ஷன் பைப் ஓ-ரிங்கையும் மாத்துங்க. அது காத்து இழுத்தா ஆயில் நுரைச்சு ஸ்டியரிங் விட்டு விட்டுத் திரும்பும்.

ரெண்டு சின்ன விஷயம். முன் டயர்ல காத்து குறைஞ்சா நல்ல ஸ்டியரிங்கும் கனக்கும். தார் ரோட்டுல ஃபோர் வீல் போட்டே ஓட்டுறவங்க நிறைய பேர். முன் சக்கரம் பின் சக்கரத்தை விடக் கொஞ்சம் வேகமா உருளும்படிதான் கியர் வெச்சிருப்பாங்க, சில சதவீதம். மண்ணுல அது வழுக்கித் தீர்த்துக்கும். தார்ல வழி இல்லாம அச்சு முறுக்கிக்கும், ஸ்டியரிங் இறுகும், முன் டயர் பட்டன் ரம்பம் மாதிரி தேயும். பின் டயரை மட்டும் வேற சைஸ் மாத்தினாலும் இதே கதி.

---

வாழைக்கொல்லை எழுதியது:

எல்லாம் பாத்தாச்சு. வரிசையா:

டை ராடு கழட்டினதும் ரெண்டு சக்கரமும் ஒரு கையால திரும்புது. வலது பந்து மூட்டு மட்டும் தொள தொள, புதுசு போட்டாச்சு. நாலு போல்ட்டு தளர்த்திப் பாத்ததுல வித்தியாசம் இல்லை. முன் டயர்ல கையேட்டு அளவை விட 8 பிஎஸ்ஐ குறைவு, ஏத்திட்டேன்.

சுற்று எண்ணிக்கை: குளிர்ல 3¼. சூட்டுல 4. சூட்டுல மெதுவா திருப்பினா 4¾. இடது வலது ரெண்டும் ஒண்ணு.

கேஜ்: கையேட்டுல 110 பார். 2,000 ஆர்பிஎம்ல 108. ஐடில்ல 84. ஸ்ட்ரெயினரைத் திறந்தா வலை முக்கால்வாசி அடைச்சு, தொட்டா வழவழன்னு கசடு. கழுவிப் போட்டபிறகு ஐடில்ல 101. கை கடுப்பு பாதி குறைஞ்சது, ஆனா சுற்று எண்ணிக்கை மாறவே இல்லை.

சிலிண்டர் சோதனையில ஆயில் நிக்கவே இல்லை, பென்சில் தடிமனுக்கு ஒழுகுச்சு.

அப்ப பம்பு வேண்டாம்தானே?

---

அழுத்தமானி எழுதியது:

வேண்டாம். ஸ்ட்ரெயினரைக் கழுவியதும் அழுத்தம் ஏறியது, சுற்று மாறவில்லை. ஆக இரண்டு தனித்தனிக் கோளாறுகள். ஒவ்வொன்றாகச் சரிசெய்து நடுநடுவே அளந்தது நல்லதாயிற்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் பம்பும் பட்டியலில் சேர்ந்திருக்கும், அதனால்தான் சரியானது என்று எல்லோரும் நம்பியிருப்போம்.

தண்ணீர் கலந்த ஆயிலை முழுவதும் இறக்கிவிடுங்கள். கையேட்டில் சொன்ன டிராக்டர் டிரான்ஸ்மிஷன் ஆயிலையே ஊற்றுங்கள். பிரேக்கும் அதே ஆயிலில் மூழ்கியிருக்கும் வண்டி என்றால் எஞ்சின் ஆயில் ஊற்றினால் பிரேக் அதிர்ந்து கத்தும். ஸ்டியரிங்குக்கு என்று பிரேக் ஃப்ளூயிடை ஊற்றுபவர்களும் உண்டு. அது ரப்பர் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

---

நட்டுபோல்ட்டு எழுதியது:

சிலிண்டரைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஹோஸ் ரெண்டுலயும் டேப் ஒட்டி எது எங்கேன்னு குறிச்சுக்கங்க. மாத்தி மாட்டினா இடது திருப்பினா வலது போகும். டை ராடு முனை எத்தனை திரெட் வெளியே தெரியுதுன்னும் எண்ணி வெச்சுக்கங்க.

வெளியே நல்லாக் கழுவிட்டுப் பிரிங்க. சீல் கிட்ல பிஸ்டனுக்கு ரெண்டு துண்டு வரும்: அடியில ஒரு ஓ-ரிங், அதுக்கு மேல டெஃப்லான் வளையம். டெஃப்லானை அப்படியே இழுத்து ஏத்தினா மடிஞ்சு போகும். கொதிக்கிற தண்ணியில நாலஞ்சு நிமிஷம் போட்டு எடுத்து, விரிச்சு ஏத்துங்க. விரிஞ்ச வளையம் உடனே சுருங்காது. பழைய தகரத்தை வளையமா வெட்டிச் சுத்தி, ஹோஸ் கிளிப்பால இறுக்கிக் கொஞ்ச நேரம் விட்டாத்தான் பழைய அளவுக்கு வரும். அவசரப்பட்டு பேரலுக்குள்ள (சிலிண்டர் குழாய்) தள்ளினா வாய்விளிம்பு அதை வெட்டிடும், திரும்ப இதே ஒழுக்கு.

ரெண்டு கிளாண்டுலயும் (ராடு வெளியே வர்ற முனை மூடி) ராடு சீல் உதடு உள்ளே, ஆயில் பக்கம் பாக்கணும். தூசி துடைக்கிற வைப்பர் உதடு வெளியே பாக்கணும். ராடு நுனித் திரெட்டு மேல டேப் சுத்திட்டு கிளாண்டை ஏத்துங்க, இல்லேன்னா புது சீலை அந்தத் திரெட்டே கீறிடும்.

மாட்டினதும் டை ராடு நீளத்தைப் பழைய எண்ணிக்கைக்கு வெச்சு, டோ-இன் அளந்துருங்க. அச்சு உயரத்துல ரெண்டு டயர் நடுக்கோட்டுக்கும் இடையே முன்பக்கம், பின்பக்கம் அளவு எடுத்து, கையேட்டுல சொன்ன மி.மீ. அளவுக்கு முன்பக்கம் குறையணும். ரெண்டு பக்கத்து டை ராடையும் சமமாத் திருகுங்க.

காத்து எடுக்க, முன் அச்சு தூக்கினபடியே ஐடில்ல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் எட்டுப் பத்து தடவை திருப்புங்க. ஓரத்துல அழுத்திப் பிடிக்காதீங்க. நுரை அடங்க விட்டு ஆயில் அளவு பாருங்க, கண்டிப்பாக் குறைஞ்சிருக்கும்.

---

வாழைக்கொல்லை எழுதியது:

பிரிச்சிட்டேன். டெஃப்லான் வளையம் ஒரு பக்கம் பிளந்திருக்கு. பேரல் உள்ளே நீள வாக்கில ரெண்டு கோடு, ராடு மேல குரோம் அங்கங்க புள்ளி புள்ளியா உரிஞ்சிருக்கு. சீல் மட்டும் மாத்தினா தாங்குமா?

---

நட்டுபோல்ட்டு எழுதியது:

கோட்டு மேல நகத்தைக் குறுக்கே இழுங்க. நகம் தட்டலைன்னா லேத்துல ஹோனிங் போட்டுக்கலாம், தட்டினா பேரலை மாத்தணும். புது டெஃப்லானை அந்தக் கோடு கொஞ்ச நாள்ல அறுத்துடும்.

ராடை அப்படியே விடாதீங்க. அந்தப் புள்ளிகள்தான் வைப்பரைக் கிழிச்சு சேத்து மணலை உள்ளே இழுத்துவிட்டது, பேரல் கோடும் அதனாலதான். தொழியிலிருந்து வெளியே வந்ததும் ராடு மேல சேறு காயறதுக்குள்ள தண்ணி அடிங்க. காஞ்ச சேத்தோட ஸ்டியரிங்கை ஒரு தடவை திருப்பினாப் போதும், உப்புத்தாள் தேச்ச மாதிரி ஆயிடும். புள்ளி ஓரம் விரலுக்குத் தட்டுப்பட்டா மறு குரோம் போடக் கொடுங்க. தட்டுப்படாத அளவுன்னா மெல்லிய எண்ணெய்க் கல்லால ராடைச் சுத்தின வாக்கில தேச்சு எடுங்க, நீள வாக்கில தேய்க்காதீங்க.

மாட்டி முடிச்சதும் சூட்டுல சுற்று எண்ணி இங்க போடுங்க. மெதுவாத் திருப்பியும் 3¼ பக்கத்துலயே நின்னாச் சரி.